சேஸிஸுக்கு வந்த யோகம்

பழைய புல்லட்டைக் 'கஸ்டம்' ஆக்கப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பிவிட்டால், அப்புறம் அவர் வீட்டில் வண்டி இருக்காது, உதிரிகள்தான் இருக்கும். டேங்க் கட்டிலுக்கடியில், சீட் பரணில், சேஸிஸ் மட்டும் நடுக்கூடத்தில். அதற்கு மேட் கறுப்பா, சாட்டின் கறுப்பா என்று மாதக்கணக்கில் ஆலோசனை. பெண் பார்க்க வந்தபோதுகூட மனுஷன் இவ்வளவு யோசிக்கவில்லை என்பது வீட்டம்மா கட்சி. பூட்டியபின் அதில் பாதி டேங்குக்கும் சீட்டுக்கும் அடியில் போய்விடும். யாரிடம் சொல்ல!

பவுடர் கோட்டிங் கடையில் மணலடித்துப் பழைய பெயின்டை உரித்ததும், முந்தைய முதலாளி பட்டி பூசி மறைத்த விரிசலெல்லாம் பல்லிளிக்கும். அதை வெல்டிங் வைத்து, பவுடர் தூவி, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் வேகவைத்துத் தருவார்கள். பளபளப்பு அபாரம். என்ன, மரைக்குள்ளும் பூச்சு ஏறியிருப்பதால் போல்ட் இறங்காது. எர்த் ஒயர் முனையிலும் பூச்சு, ஆகவே ஹார்ன் மௌனவிரதம்.

சேஸிஸ் நம்பரும் மூழ்கிவிட்டால், ஆர்டிஓ ஆபீசில் பென்சில் தேய்த்துப் பார்ப்பவருக்கு உங்கள் கறுப்பின் ரசனை புரியாது. அனுப்புமுன் மரைக்கும் எர்த் முனைக்கும் சூடு தாங்கும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். நம்பர் மேல் பூச்சு மெலிதாக இருக்கட்டும்.