கரையானுக்குப் பெப்பே!

கேள்வி: சமையலறை அலமாரிக்கு பி.வி.சி. ஷீட் போடலாமா? 'தண்ணீர், கரையான், தீ எதுவும் அண்டாது' என்கிறாரே கடைக்காரர்!

பதில்: முதல் இரண்டுக்கும் அவருக்கு முழு மதிப்பெண்; மூன்றாவதில் வியாபாரம் பேசுகிறது. பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். அதனால்தான் சட்டென்று பற்றாது, நெருப்பை விலக்கினால் தானே அணையும். ஆனால் பெருந்தீயில் சிக்கினால் அதே குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு புகையாகக் கிளம்பி, கண்ணையும் நுரையீரலையும் பதம் பார்த்துவிடும். 'மரம் எரிந்தாலும் புகைதானே?' என்பீர்கள். வாஸ்தவம், ஆனால் மிஞ்சிய மரத்துண்டு விறகாகும், இதை அடுப்பில் வைக்கவே கூடாது. போதாக்குறைக்கு, 80 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகி, அடுப்பை ஒட்டிய கதவு அப்பளமாய் நெளியும். சிங்க்குக்குக் கீழே தாராளமாகப் போடுங்கள். அடுப்புப் பக்கம் கடப்பா கல்லே இருக்கட்டும்.