அமாவை அழைத்தது யார்?

கேள்வி: கானா நாட்டின் அக்கான் மொழியில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபே கிடையாதாமே! பிறகு 'இவன்தான் செய்தான்' என்று எப்படி அழுத்திச் சொல்வார்கள்?

பதில்: ஆளை முன்வரிசைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்!

'கோஃபி ஃப்ரே அமா' என்றால், கோஃபி அமாவை அழைத்தான். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசைதான் அங்கே சட்டம். உருபு இல்லாததால், பெயர்களை வெறுமனே இடம் மாற்றினால் அழைத்தவரே மாறிவிடுவார்.

அழுத்தம் வேண்டுமென்றால், அந்தப் பெயரை வாக்கியத்தின் தொடக்கத்தில் நிறுத்தி, உடனே 'ந' சேர்க்கிறார்கள். 'கோஃபி ந ஓஃப்ரே அமா' என்றால் அழைத்தது கோஃபிதான், வேறு யாருமில்லை. 'அமா ந கோஃபி ஃப்ரே நோ' என்றால் கோஃபி அழைத்தது அமாவைத்தான். அந்த 'ஓ'வையும் 'நோ'வையும் கவனியுங்கள். இரண்டும் பிரதிப்பெயர்கள். முன்னே போனவரின் பழைய இடத்தை, பஸ் சீட்டில் துண்டு போட்டு வைப்பதுபோல, காத்து நிற்கின்றன. முன்னே போன செயப்படுபொருள் உயிரற்றதாக இருந்தால் பெரும்பாலும் துண்டுகூடத் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். 'அமாவை அழைத்தது யார்?' என்று கேட்க, 'ஹேனா ந ஓஃப்ரே அமா?' என்பார்கள். ஹேனா என்றால் யார். அது எழுந்த இடத்தில் கோஃபி உட்கார்ந்தால் பதில் தயார். மற்ற சொற்கள் அசைவதே இல்லை. கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே அச்சு!

கேள்வி-பதில் எழுதுகிறவனுக்கு இதைவிட அருமையான இலக்கணம் கிடைக்குமா?