அடாப்டர் சார்

காசிமேட்டில் காலை ஐந்தரை மணி. படகு வந்து அணைந்து, ஏலக் குரல் எழும்புவதற்குள் எங்களோடு வந்த பையன்கள் ஆளுக்கு நாற்பது படம் எடுத்து முடித்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். சார் மட்டும் ஒரு வஞ்சிரத்துக்கு முன்னால் குனிந்து நின்று, லென்ஸின் வளையத்தை இந்தப் பக்கம் இம்மி, அந்தப் பக்கம் இம்மி என்று திருகிக்கொண்டிருந்தார். மீன்கார அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா சாரே, எட்த்தியா இல்லியா?"

"இரும்மா, இன்னும் செவப்பு வரல."

அவ்வளவுதான். அந்த அம்மா வஞ்சிரத்தைத் தூக்கிச் செவுளைப் பிரித்து சார் மூக்குக்கு நேரே நீட்டினார். "தோ பாரு! எம்மாஞ் செவப்பு! யாரைப் பாத்து மீனு பழசுங்கற?"

சார் சொன்ன செவப்பு வேறு. கையால் ஃபோகஸ் செய்யும்போது, எந்த இடம் துல்லியமாக விழுகிறதோ அதன் விளிம்பில் கேமராத் திரை சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். இதை அந்த அம்மாவிடம் விளக்குவதற்குச் சார் வாயைத் திறந்தார். நான் அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊருக்கு நாலு பேராவது இப்படி இருக்கிறார்கள். நம் சார் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் தொங்குவது சோனி மிரர்லெஸ் கேமரா. ஆனால் அது சோனி என்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று பெயர் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார். கேட்டால் புகைப்பட மேதை கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் லைக்கா கேமராவில் அப்படித்தான் ஒட்டினார் என்பார். உண்மைதான். தெருவில் பளபளவென்று யார் கண்ணையும் உறுத்தாமல் இருக்க அவர் ஒட்டினார். சார் கேமராவின் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, லென்ஸைச் சுற்றிப் பொறித்திருக்கும் ஜெர்மன் எழுத்துகளைத் தினமும் துணியால் துடைத்து எதிராளி படிக்கத் தோதாக வைத்துக்கொள்கிறார்.

லென்ஸ் எல்லாம் ரேஞ்ச்ஃபைண்டர் காலத்துச் சரக்கு. 1925-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் ஊரிலிருந்து முதல் லைக்கா சந்தைக்கு வந்ததிலிருந்து கதையை ஆரம்பிப்பார்; 1954-இல் எம்3 வந்ததும் குரல் தழுதழுக்கும். அதற்கு முன்பு இருந்தது 39 மி.மீ. மரை, திருகித்தான் மாட்ட வேண்டும். எம்3-இலிருந்து ஒரு திருப்பு, ஒரு 'க்ளிக்'. அந்த 'க்ளிக்'கை அவர் வாயாலேயே செய்து காட்டுவார், நாக்கை மேலண்ணத்தில் தட்டி.

சாருடைய உயிர்நிலை ஓர் எண்ணில் இருக்கிறது: 27.8. லென்ஸ் மாட்டும் முகத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே லைக்கா எம் வைத்த தூரம், மில்லிமீட்டரில். லென்ஸைக் கட்டிக்கொள்ளும் புதுக் கேமராவின் தூரம் இதைவிடக் குறைவாக இருந்தால் பொருத்தம் உண்டு. மிச்ச இடத்தை அடாப்டர் என்கிற தரகர் அடைத்துக்கொள்வார். அதிகமாக இருந்தால் ஜாதகத்தை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். நிக்கானின் எஸ்.எல்.ஆர். கேமராக்களில் அது 46.5, ஏனென்றால் நடுவே ஒரு கண்ணாடி எழும்பிப் படுக்க இடம் வேண்டும். அதில் இந்த லென்ஸை வைத்தால் மூக்குக்கு முன்னால் இருப்பது மட்டும் தெரியும், எதிர்வீடு தெரியாது. சார் பல வருஷம் நிக்கான் வைத்துக்கொண்டு, லென்ஸ்களைக் கொலு பொம்மை போல வெறுமனே பார்த்துப் பெருமூச்சு விட்டவர். அப்புறம் கண்ணாடியே இல்லாத கேமராக்கள் வந்தன. 2013-இல் முழு ஃபிரேம் சென்சாரோடு சோனி ஏ7 வந்தது. தூரம் வெறும் 18. "அன்னிக்குத்தான் தம்பி எனக்கு மறுபடியும் கல்யாணம் ஆன மாதிரி இருந்துச்சு" என்று மனைவியை வைத்துக்கொண்டே சொல்வார். அந்த அம்மா நிமிராமல் அவரைக்காய் அரிந்துகொண்டிருப்பார்.

27.8-இலிருந்து 18 போனால் 9.8. அதுதான் அடாப்டரின் கனம். பழைய மரை லென்ஸ் என்றால் அதற்குமுன் இன்னொரு மோதிரம், சரியாக ஒரு மில்லிமீட்டர். இந்தக் கணக்கை ஆட்டோ டிரைவரிடம் சொல்லியிருக்கிறார், காஸ் சிலிண்டர் போட வந்தவரிடம் சொல்லியிருக்கிறார். துக்க வீட்டில் பந்தல் போட வந்தவர் கம்புக்கும் கம்புக்கும் இடைவெளி அளந்தபோது சொல்ல ஆரம்பித்ததை நானே தடுத்திருக்கிறேன்.

கஷ்டம் என்னவென்றால், கேமராவுக்கு இந்தச் சம்பந்தத்தில் சம்மதமே இல்லை. லென்ஸில் மின் தொடர்பு எதுவும் கிடையாது. ஆகவே 'லென்ஸ் இல்லை' என்று சொல்லிக் கிளிக் செய்ய மறுத்துவிடும். மெனுவுக்குள் போய், 'லென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எடு' என்ற வரியைத் தேடி அனுமதி கொடுக்க வேண்டும். முதல் நாள் சார் நிஜமாகவே புண்பட்டுவிட்டார். "கேமராவை விட ரெண்டு மடங்கு விலை குடுத்த சம்மிக்ரான் முன்னாடி உக்காந்திருக்கு, இல்லேங்குதே!"

லென்ஸ் தரப்பிலும் மனக்குறை உண்டு. அந்தக் காலத்தில் அதன் பின்புறத்துப் பித்தளை வளையம் முன்னும் பின்னும் நகர்ந்து கேமராவுக்குள் ஒரு நெம்புகோலைத் தள்ளும். வியூஃபைண்டரில் இரண்டாகத் தெரியும் உருவம் ஒன்றாகச் சேரும். அடாப்டருக்குள் தள்ளுவதற்கு யாரும் இல்லை. ஆனாலும் அந்த வளையம் விசுவாசமாக முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சாரும் இன்னும் காலையில் ஒன்பதே முக்காலுக்குச் சட்டையை இன் பண்ணிக்கொள்கிறார்.

எந்த அப்பர்ச்சரில் எடுத்தோம் என்பதும் கேமராவுக்குத் தெரியாது, படத்தின் தகவலில் வெறும் கோடுதான் இருக்கும். அதற்காகச் சார் பால் கணக்கு நோட்டு மாதிரி ஒன்று வைத்திருக்கிறார். 'படம் 114, ஜூபிடர்-8, எஃப் 2, வஞ்சிரம்.' 'படம் 115, மேற்படி, மேற்படி, வஞ்சிரம் (செவுள்).' ஏறக்குறைய எல்லா வரியிலும் எஃப் 2 தான். எஃப் 8-இல் வைத்து, 35 மி.மீ. லென்ஸை மூன்று மீட்டருக்குத் திருப்பிவிட்டால் இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர்வரை எல்லாம் தெளிவாக விழும், திருகவே வேண்டாம், தெருவில் நடந்தபடி சுட்டுத் தள்ளலாம், உங்கள் பிரெஸ்ஸோன்கூட அப்படித்தானே வேகமாக எடுத்திருப்பார் என்று ஒருநாள் கேட்டேன். சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எஃப் 8-ல எல்லா லென்ஸும் ஒண்ணுதான் தம்பி. அப்புறம் இதுக்கு எதுக்கு இவ்வளவு காசு?"

அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஜாதி முழுதாகப் புரிந்தது. படத்தில் மீன் இருந்தால் என்ன, மீன்காரி இருந்தால் என்ன, பின்னால் ஐஸ் பெட்டியின் பளபளப்பு எத்தனை பெரிய உருண்டையாகக் கலைந்திருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்ப்பார். அதற்குப் பெயர் போக்கே. புது லென்ஸ் என்றால் "ரொம்ப க்ளினிக்கலா இருக்கு" என்று ஒதுக்கிவிடுவார், ஆஸ்பத்திரி வாசனை அடிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு. பழசில் ஓரம் கலங்கினால் 'கேரக்டர்', வெயிலில் படம் வெளுத்தால் 'க்ளோ'. நான் குடியிருக்கும் வீட்டில் குளியலறை மேற்கூரை ஒழுகுவதையும் வீட்டு ஓனர் ஏறக்குறைய இப்படித்தான் விளக்குகிறார்.

ஜூபிடரும் லேசுப்பட்டதல்ல. லுட்விக் பெர்டெலே 1930-களில் ட்ஸைஸ் கம்பெனிக்கு வடிவமைத்த ஸோன்னாரின் ரஷ்ய வாரிசு அது, போருக்குப் பின் சோவியத் கைக்குப் போன வம்சம். அதன் வரிசை எண் 58 என்று ஆரம்பிப்பதால் 1958-இல் பிறந்தது என்று கண்டுபிடித்து, "என் வயசு, ஆனா கண்ணு என்னைவிடத் தெளிவு" என்றார். ஆனால் அவருடைய ஏக்கமெல்லாம், கையில் இருக்கும் சம்மிக்ரான் போதாதென்று, அதே 1958-இல் வந்த 35 மி.மீ. சம்மிக்ரான் மேல்தான். உள்ளே எட்டுக் கண்ணாடி. எட்டுக் கண்ணும் விட்டெறியும் விலை. அதைப் பற்றிப் பேசும்போது மனைவி அறையில் இல்லை என்பதை இரண்டு முறை உறுதிசெய்துகொள்வார்.

போன ஐப்பசியில் அவர் மனைவியின் அண்ணன் மகள் கல்யாணம், காஞ்சிபுரத்தில். போட்டோகிராபர் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் குடும்பப் படம் எடுக்கச் சாரைக் கூப்பிட்டார்கள். மேடை நெருக்கம், ஆட்கள் முப்பது பேர். சார் பையிலிருந்து 15 மி.மீ. வாய்க்லாண்டரை எடுத்தார். ஓரத்தில் நின்றவர் மனைவியின் சித்தப்பா, பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், எதையும் எளிதில் மன்னிக்காதவர்.

இந்த மாதிரி அகல லென்ஸின் பின்கண் சென்சாரை ஒட்டி உட்காரும். அங்கிருந்து ஓரங்களுக்குப் போகும் ஒளி சரிந்து போய் விழும். ஃபிலிம் எந்தக் கோணத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்ளும். சென்சாருக்கு நேரே வந்தால்தான் பிடிக்கும். அதன் மேல் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி வேறு போர்த்தியிருக்கும். சரிந்து வந்த ஒளி அதில் கலங்கி, ஓரமெல்லாம் இழுகி, ஊதா பூசிக்கொள்ளும். லைக்காக்காரர்கள் தங்கள் கேமராவில் கண்ணாடியை மெலிதாக்கி, ஓரத்து நுண்லென்ஸ்களை நகர்த்திவைத்துச் சமாளித்தார்கள். சாரிடம் இருப்பது அதுவல்லவே. படத்தில் மணமக்கள் நடுவே சுண்டைக்காய் அளவில் பளிச்சென்று இருந்தார்கள். சித்தப்பா பக்கவாட்டில் ஒன்றரை ஆள் அகலத்துக்கு விரிந்து, மீசை தோள்வரை இழுபட்டு, முகம் நாவல்பழ நிறத்தில் இருந்தார்.

அடுத்த வாரமே சித்தப்பா நேரில் வந்துவிட்டார். வெளியே அடைமழை. நானும் அங்கே இருந்தேன்.

"எங்க அண்ணன் இருந்திருந்தா இப்படி நடக்குமா மாப்பிள்ளை? அத்தனை பேர் முன்னாடி என்னை ஓரங்கட்டிட்டீங்களே!"

"இல்ல மாமா, அது சென்சார் மேல கண்ணாடி கொஞ்சம் கனமா..."

"கனமா இருக்கேன்னு வேற சொல்றீங்க."

இதற்குள் சார் மனைவி தட்டில் முறுக்கு கொண்டுவந்து வைத்தார். சித்தப்பா கோபம் குறையாமலே ஒன்றை எடுத்துக் கடித்தார். 'படக்' என்று சத்தம் கேட்டது. அவர் நிறுத்தினார். இன்னொரு கடி. மறுபடியும் 'படக்'.

"ஏம்மா, நாலு நாளா மழை. எங்க வீட்டுல முறுக்கு சாக்கு மாதிரி தொங்குது. இது எப்படி?"

அவர் மனைவி பேசாமல் கூடத்து மூலையைக் காட்டினார். அங்கே டிரை கேபினட். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சார் வாங்கிய கண்ணாடிக் கதவு அலமாரி. ராத்திரி பகல் மின்சாரத்தில் ஓடி, ஈரப்பதத்தை 45-இல் நிறுத்தி வைக்கும். மேல்தட்டில் ஜூபிடர், சம்மிக்ரான், வாய்க்லாண்டர். நடுத்தட்டில் முறுக்கு டப்பா, அப்பளக் கட்டு, ஒரு பாக்கெட் பொரி. சார் தலையைக் குனிந்துகொண்டார். இந்தப் பாகப்பிரிவினை எப்போது நடந்தது என்று எனக்கே தெரியாது.

சித்தப்பா எழுந்து போய் அலமாரியைச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தார். ஊதா நிற அவமானமெல்லாம் அவர் முகத்தை விட்டுப் போயிருந்தது.

"மாப்பிள்ளை," என்றார், குரலைத் தாழ்த்தி. "லென்ஸ் இல்லாம இது மட்டும் தனியாக் குடுப்பாங்களா?"