வாடகையே கடனை அடைச்சிடும், சார்!

நாவலூரில் 75 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட். வங்கி 60 லட்சம் கொடுக்கும். மிச்சத்துக்கும் பத்திரச் செலவுக்கும் மனைவியின் நகை இருக்கிறது. எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 52,000 ரூபாய். வாடகை? பேரம் பேசாமல் கொடுத்தால் 20,000. இந்தக் கழித்தலைத் தரகர் போட்டுக் காட்டுவதில்லை. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவருக்குக் கூட்டல்தான் பழக்கம்.

நாம் போடும் கணக்கிலோ வீடு ஒரு மாதம்கூடக் காலியாக இருக்காது. குடியிருப்பவர் ஒன்றாம் தேதியே ஜிபே செய்வார், சுவரில் ஆணி அடிக்க மாட்டார். பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, வெள்ளையடிப்பு, கோடையில் லாரித் தண்ணீர் எல்லாம் அடுத்தவர் வீட்டுச் செலவுகள்.

வரி மிச்சமாகுமாம். பழைய முறையில் வீட்டு நஷ்டத்தை வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அதுவும் கிடையாது. நஷ்டப்படுவதற்குக்கூட உச்சவரம்பு!

‘விலை ஏறுமே?’ ஏறும். கடன் முடிவதற்குள் வட்டி மட்டும் 65 லட்சம் போயிருக்கும். வீட்டுக்காரர் பட்டம் நமக்கு, நீச்சல்குளம் பார்த்த பால்கனி குடியிருப்பவருக்கு. அவரும் இப்போது பக்கத்து பிளாக்கில் ஒரு ஃபிளாட் பார்க்கிறாராம், வாடகைக்கு விட.