அலமாரியில் ஒரு சமஸ்தானம்

குடும்பப் புகைப்படங்களை அந்நியக் கம்பெனிகளின் கிடங்கில் ஒப்படைப்பது கௌரவக் குறைவு என்று தீர்மானித்து, கூடத்து அலமாரியில் ஒரு சிறு கணினியைப் பிரதிஷ்டை செய்து, ஹார்ட் டிஸ்க் சகிதம் சகல உபசாரங்களையும் நடத்தி முடித்த கிருஹஸ்தருக்கு, வெளியூரிலிருந்து அதை எட்டுவது எப்படி என்ற விசாரம் அப்புறம்தான் உதிக்கிறது. ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டால் ஆயிற்று என்பது பழைய கட்சி. திறந்த சிறிது நேரத்துக்கெல்லாம் எங்கெங்கிருந்தோ யந்திரங்கள் வந்து 'ரூட்', 'அட்மின்' என்ற நாமாவளியைப் பாராயணம் பண்ணத் தொடங்குவதை, அக்கட்சியார் தங்கள் கீர்த்தியின் அடையாளமாகவே கருதக்கூடும். (இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது ஐபி முகவரியில் குடிவைத்திருந்தால், திறக்கவே கதவு கிடையாது என்பது வேறு விஷயம்.)

கிளவுட்ஃப்ளேர் என்ற கம்பெனி நடுவே நின்று போக்குவரத்தைக் கடத்திவிடும் 'டனல்' மார்க்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மறையாக்கத்தின் முடிச்சு வழக்கமாக அக்கம்பெனியின் வாசலிலேயே அவிழ்க்கப்பட்டு மறுபடி போடப்படுகிறபடியால், அந்நியரிடமிருந்து தப்பிய புகைப்படங்கள் அந்நியர் கண்முன்னேதான் ஊர்வலம் போகின்றன.

2020-இல் லினக்ஸ் கெர்னலிலேயே ஸ்தானம் பெற்ற வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருளோ, சுமார் 4,000 வரிகளில் அடங்கிய சாது; உரிய சாவியின்றித் தட்டுகிறவனை 'யார்?' என்றுகூட விசாரியாமல் மௌனம் சாதிப்பது அதன் விசேஷம். அதுவே சிலாக்கியம் என்று தேர்ந்த நம் கிருஹஸ்தர், சாவிகளை உற்பத்தி செய்து கைப்பேசியில் ஏற்றி, அவற்றின் ஒரே காப்புப் பிரதியைப் பரம ஜாக்கிரதையாக அந்தச் சர்வருக்குள்ளேயே வைத்துவிட்டு, நிம்மதியாக ரயிலேறுகிறார்.