நிலையில்லாப் பதிப்பின் நோய்நாடல்: ஒரு குறுக்கு ரோட்டு ஆய்வு

டெபியன் லினக்ஸின் நிலையற்ற கிளைக்குச் 'சிட்' என்று பெயர். டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் அவன். நிலையான கிளைக்கு வெளியீட்டு நாள் உண்டு. சிட்டுக்கு என்றுமே இல்லை. நாளுக்கு நான்கு தடவை புது மென்பொருட் பொதிகள் வந்திறங்குவதால், காலையில் ஓடிய பிரிண்டர் மாலையில் ஓடாமையும், மாலையில் வராத சத்தம் இரவில் தானே வருவதும் அதன் இயல்பு என்க.

இதனைச் சேத்தியாத்தோப்பில் வைத்து ஆராய்வது என்னையெனின், கும்பகோணம் சாலையும் விருத்தாசலம் சாலையும் வெட்டிக்கொள்ளும் குறுக்கு ரோட்டில் பஸ் மாறுவோர்க்குச் சார்புநிலையை விளக்க வேண்டாம். சென்னை வண்டி வராமல் நான் எடுக்கமாட்டேன் என்று விருத்தாசலம் வண்டி நிற்பதும், ஒரு பொதிக்காக இன்னொன்று முரண்டுபிடித்து, பொதிகளை நிறுவும் கருவியான ஏப்ட் கைவிரிப்பதும் ஒரே நோய். மேலும், 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியோடு, சி-டாக் டெபியன் மேல் கட்டிய பாஸ் லினக்ஸும் இவ்வூர்ப் பிள்ளைகள் கைக்கு வந்தது. அதைக் கைதவறித் திறந்தவர்களே மிகுதி என்பது என் எண்ணம்.

நோய் தீர்ப்போருள் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு' என்பாரே மூத்தோர். இகழற்க. புதுக் கெர்னலில் திரை கறுத்துப்போனால், மறுபடி ஆன் பண்ணும்போது கிரப் என்னும் தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னல் காத்திருக்கும். 'அப்டேட்டே குடுக்காதீங்க சார்' என்பது கடைக்காரர் மதம். அதுவும் ஓரளவு மெய்யே. ஏப்ட்-லிஸ்ட்பக்ஸ் என்னும் கருவி, நிறுவுமுன் கொடிய வழுக்களை வாசித்துக் காட்டுவது இதற்காகத்தான். சிட்டின் மருந்தெல்லாம் பழைய சரக்கே என்பது நம் துணிபு.

அற்றன்று, நாலு நாள் பொறுத்தால் தானே சரியாகும் என்பாரும் உளர். 2024-இன் தொடக்கத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. 2038 ஜனவரி 19-இல் 32 பிட் கடிகாரங்கள் நிரம்பி வழியுமே என்று நூலகப் பொதிகளுக்கு 'டி64' என்று வால் ஒட்டினார்கள். அந்நாளில் முழு மேம்பாடு கேட்டவரிடம், பாதி டெஸ்க்டாப்பைக் கழற்றட்டுமா என்று கேட்டது ஏப்ட். சும்மா என்டர் தட்டினால் 'ஆம்' என்று பொருள். தட்டியவர் புலம்பினர், பொறுத்தவர் பிழைத்தனர்.

ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், தம் சிட் கணினியில் எஸ்எஸ்எச் வழித் தொலைநுழைவு அரை நொடி தாமதிப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் மென்பொருளாளர் பொறுக்கவில்லை. தோண்டினார். எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு வைத்த கள்ளக்கதவு அகப்பட்டது. பொறுமை மதம் அன்றோடு சாய்ந்தது.

அக்கள்ளக்கதவுக்கு டெபியன் தந்த மருந்து நம் துணிபை நிறுவுவது காண்க. பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும். சின்ன எண்ணைக் கண்டால் ஏப்ட் தானாக இறங்கிவராது. எனவே பெரிய எண்ணை முன்னே நிறுத்திப் பழைய சரக்கை அனுப்பினர். அப்பொதியின் எண்: 5.6.1+ரியலி5.4.5.