பின்னணி இசை அபாரம்

எங்கள் ஊர் திரைப்படச் சங்கத்தில் மொத்தம் நாற்பது நாற்காலிகள். மாதம் ஒரு படம். படத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் பத்து நிமிடம் பேச வேண்டும். பேசுகிறவருக்கு ஒரு துண்டு, ஒரு டீ, இரண்டு பிஸ்கட். அந்தத் துண்டுக்கு ஆசைப்பட்டுக் கெட்டவன் கதை இது.

செயலாளர் போன் செய்து, "சார், இந்த மாசம் ஃபிரெஞ்சுப் படம். 'போர்ட்ரெயிட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்'. நீங்க பார்த்திருப்பீங்களே" என்றார். இந்தப் 'பார்த்திருப்பீங்களே', 'படிச்சிருப்பீங்களே' இரண்டிலும் நான் வாழ்நாளில் பலமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். "பார்க்காம இருப்பேனா சார்?" என்றேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்கூட இல்லை, கேள்விதான்.

பென்டிரைவில் படம் வந்தது. சனிக்கிழமை இரவு தயிர்சாதமும் மாவடுவும் முடித்து, பதினொரு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தேன். இந்த வாக்கியத்திலேயே தவறு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை.

ஒரு படகு. அதில் ஓவியம் வரைகிற ஒரு பெண். அவள் கொண்டுவந்த பெட்டி கடலில் விழுகிறது. படகிலிருக்கும் ஆண்களில் ஒருவரும் அசையவில்லை, அவளே குதித்து எடுக்கிறாள். அந்த ஆண்களை எனக்குப் பிடித்திருந்தது. நானும் அசைந்திருக்க மாட்டேன். கரையேறி ஒரு பெரிய வீட்டுக்கு வந்து, நனைந்த கேன்வாஸ்களைக் கணப்பின் முன்னால் காயவைத்துவிட்டுப் புகைபிடிக்கிறாள். அந்தக் கணப்பின் சூடு எனக்கும் இதமாக இருந்திருக்க வேண்டும். கண் திறந்தபோது வயலின்கள் இடி மின்னலாக முழங்கிக்கொண்டிருந்தன. இசை அரங்கு ஒன்றில் ஒரு பெண் உட்கார்ந்து அழுகிறாள், நடுவே சிரிக்கிறாள். படம் முடிந்தது.

மணி ஒன்று. மறுபடி போட்டுப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் தலையும் வாலும் கிடைத்தால் மீன் இன்னதென்று சொல்லிவிட முடியாதா என்ன?

மறுநாள் மைக் முன்னால் மீனை வெட்டினேன். ஒன்று, இது கணவனை இழந்த ஒரு பெண்ணின் துயரம். இரண்டு, தலைப்பிலிருக்கும் தீ, பெண்களைச் சுட்டெரிக்கும் ஆணாதிக்கத் தீ. மூன்று, படத்தின் உயிரே பின்னணி இசைதான், அபாரம், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இயக்குநர் செலீன் சியாமா என்றும், 2019 கான் விழாவில் திரைக்கதைக்கான விருது கிடைத்தது என்றும் சொன்னேன். நான் பேசியதில் உண்மை இந்த இரண்டும்தான். கைதட்டினார்கள். துண்டு போர்த்தினார்கள். விளக்கை அணைத்தார்கள். முதல் வரிசையில் துண்டோடு உட்கார்ந்து, நான் அந்தப் படத்தை முதன்முறையாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

படத்துக்குப் பின்னணி இசையே கிடையாது.

காற்று இருக்கிறது. அலை இருக்கிறது. மரத்தரையில் காலடிச் சத்தம், துணியில் கரித்துண்டு உரசும் சத்தம் எல்லாம் துல்லியமாகக் கேட்கின்றன. இசையை மட்டும் காணோம். ஐந்து நிமிடம் பொறுத்தேன். இருபது நிமிடம் பொறுத்தேன். பின் வரிசையில் ஓர் அம்மா, "சார் சொன்ன மியூசிக் எப்ப வரும்?" என்று கேட்க, "இருங்க, வரும்" என்று இன்னொருவர் எனக்காக நம்பினார். அந்த நல்ல மனிதர் யாரென்று திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

கதை இதுதான். 1770 வாக்கில், பிரான்சின் பிரிட்டனிக் கரையோரம் ஒரு தீவு. எலூயீஸ் என்ற பெண்ணை மிலான் நகரத்தில் ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்க ஏற்பாடு. அவன் இவளைப் பார்த்ததில்லை. படம் வரைந்து அனுப்ப வேண்டும், பிடித்திருந்தால் கல்யாணம். இந்த இடத்தில் அரங்கிலிருந்த பெண்கள் மட்டும் சிரித்தார்கள். என் மனைவியும் எனக்கு முதலில் தபால் உறைக்குள்தான் வந்தாள், கையில் டெலிபோன் ரிசீவரோடு. வசதியான வீடு போலிருக்கிறது என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டோம். அது ஸ்டூடியோக்காரரின் போன், ஒயர்கூடக் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

எலூயீஸுக்கு முன்னால் இந்த வரனுக்குப் பேசியிருந்தது அவள் அக்காவை. அக்கா பாறை உச்சியிலிருந்து கீழே போய்விட்டாள். தங்கை, படத்துக்கு உட்கார மாட்டேன் என்கிறாள். எனவே ஓவியர் மரியானை, கூட நடந்துவர வந்த துணை என்று பொய் சொல்லி வீட்டில் வைக்கிறார் அம்மா. பகலில் பார்க்க வேண்டும், இரவில் திருட்டுத்தனமாக வரைய வேண்டும். காது மடல், பின்கழுத்து, கையை மேல் கை வைத்துக்கொள்ளும் விதம் என்று மரியான் ஒவ்வொன்றாகத் திருடுகிறாள். கொஞ்ச நாளில், பார்க்கப்படுகிறவளும் திரும்பப் பார்க்க ஆரம்பிக்கிறாள்.

இங்கேதான் என் வளர்ப்பு காலை வாரியது. காதல் வந்தால் முதலில் வீணை வரும், பிறகு புல்லாங்குழல் வரும், காற்றில் தாவணி பறக்கும் என்று பழக்கப்பட்ட உடம்பு இது. இசை இல்லாததால் காதல் வந்ததே எனக்குத் தெரியவில்லை. நல்ல சினேகிதிகள், ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பாறை இடுக்கில் இருவரும் முகத்துணியை இறக்கிவிட்டு முத்தமிட்டபோதுதான் விளங்கியது. டீ கொடுக்கும் பையனுக்குக்கூட எனக்கு முன்பே விளங்கியிருந்தது. கதவோரம் டிரேயோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

அதற்குச் சற்றுமுன் கடலோரத்தில் நெருப்பு மூட்டி ஊர்ப் பெண்கள் கைதட்டிப் பாடினார்கள். இசை! பின்வரிசைப் பக்கம் தலையைத் திருப்பி, பார்த்தீர்களா என்பதுபோல் புருவம் உயர்த்தினேன். இரண்டு நிமிடத்தில் பாட்டு நின்றுவிட்டது. அந்த நெருப்பில் எலூயீஸின் கவுன் ஓரம் பற்றிக்கொள்கிறது. அவள் அதைக் கவனிக்காமல் மரியானையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தலைப்பில் வரும் தீ இதுதான். ஆணாதிக்கம் அந்த வட்டாரத்திலேயே இல்லை.

ஆண்களே இல்லை. ஊர் எதிர்க்கும், தாய்மாமன் அரிவாளோடு வருவான் என்று நான் காத்திருக்க, ஒருவரும் வரவில்லை. அம்மாவும் கெட்டவள் இல்லை. அவளுடைய படமும் இப்படித்தான், அவளுக்கு முன்பே இந்தப் புகுந்த வீட்டுக்கு வந்து சுவரில் காத்திருந்ததாம். அவள் வெளியூர் போகும் ஐந்து நாளும் மூன்று பெண்கள் அந்த வீட்டை வேறு வீடாக்கிவிடுகிறார்கள். பிரபு வீட்டுப் பெண் சமைக்கிறாள், வேலைக்காரி சோஃபி உட்கார்ந்து பூத்தையல் போடுகிறாள். பிறகு ஒரு காலை, கீழே வந்தால் அடுக்களை மேசையில் ஓர் ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான். அரங்கம் மொத்தமும் திடுக்கிட்டது. ஓர் ஆண் சாப்பிட உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் பயந்தது அதுவே முதல் தடவை. வழக்கமாக அந்த ஆள் நான்தான்.

அவன் ஓவியத்தை மரப்பெட்டியில் வைத்து ஆணி அடிக்கிறான். சமூகத்தின் எதிர்ப்பு என்று அந்தப் படத்தில் சத்தம் போட்டுக் கேட்பது அந்த ஆணிகள்தான்.

பேசுவதற்கு விஷயமா இல்லை? பாரிஸ் ஓவிய அகாதெமியில் அந்தக் காலத்தில் பெண்களுக்கு நாலே இடம். 1783ல் எலிசபெத் விஜே லெ ப்ருன்னும் அடெலாயீத் லபீய்-கியாரும் ஒரே நாளில் உள்ளே வந்ததும் ஹவுஸ்ஃபுல். மரியானும் தன் ஓவியத்தை அப்பா பெயரில்தான் கண்காட்சிக்கு வைக்கிறாள். படத்தில் நாம் பார்க்கும் வரைகிற கை நடிகையுடையதே இல்லை, எலேன் டெல்மேர் என்ற ஓவியருடையது. இதெல்லாம் நான் அன்றிரவு வீட்டுக்கு வந்து படித்தது. துண்டு முன்கூட்டியே வாங்கிய துண்டு.

கடைசியில் அந்த இசை அரங்கு வந்தது. விவால்டியின் வேனிற்காலம். எப்போதோ, அந்தத் தீவில், மரியான் தப்பும் தவறுமாக ஒரு பழைய வாத்தியத்தில் எலூயீஸுக்கு வாசித்துக் காட்டிய அதே இசை. வருடங்கள் கழித்து எலூயீஸ் அதை முழுதாகக் கேட்கிறாள். எதிர்ப்பக்கம் மரியான் இருக்கிறாள் என்று தெரியாது, திரும்பவும் இல்லை. சனிக்கிழமை இரவு நான் பார்த்த அதே முகம், அதே அழுகை. அன்றைக்கு இவளை விதவையாக்கிவிட்டுத் தூங்கப் போயிருந்தேன்.

கலந்துரையாடலில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். "சார், அந்த 28ஆம் பக்கம் பத்தி கொஞ்சம் சொல்லுங்க." திரையில் அது வந்த நேரம் பார்த்து நான் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். "அது ஒரு குறியீடு" என்றேன். நம் இலக்கியக் கூட்டங்களில் இந்தச் சொல் இதுவரை யாரையும் கைவிட்டதில்லை. "எதோட குறியீடு சார்?" என்றாள். கைவிட்டது.

பின்வரிசை அம்மாதான் சொன்னார். பிரிவதற்கு முன் எலூயீஸின் புத்தகத்தில் 28ஆம் பக்கத்தில் மரியான் தன் உருவத்தை வரைந்து கொடுக்கிறாள். பிற்பாடு கண்காட்சியில் தொங்கும் ஓவியத்தில், கல்யாணமாகிக் குழந்தையோடு நிற்கும் எலூயீஸ், கையில் ஒரு புத்தகத்தை அந்தப் பக்கம் தெரிகிறமாதிரி விரல்விட்டுப் பிடித்திருக்கிறாள். யார் பார்க்க வேண்டுமோ அவளுக்கு மட்டும். இசையைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. வாசலில் செயலாளர் மட்டும் தயங்கித் தயங்கி, "சார், நம்ம ஸ்பீக்கர்ல ஏதோ ப்ராப்ளம்னு நினைக்கிறேன்" என்றார். "ஆமா சார், பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் வெறும் துண்டு நஷ்டம்தான். படத்தில் ஓர் இடம். முதல் ஓவியம் முடிந்ததும், இது நான் இல்லை என்கிறாள் எலூயீஸ். மரியான் துணியை எடுத்து, வரைந்த முகத்தை அப்படியே அழித்துவிடுகிறாள். வண்டியில் வரும்போது அதுவே திரும்பத் திரும்ப வந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி. சிக்னலில் நிற்கும்போது ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஊர் டிடிபி சென்டர்.

எங்கள் அத்தை பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "அத்தைக்குத் துணைக்கு ஒரு டீச்சர் இருக்காங்க" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தத் துணை முப்பத்தோரு வருடம் இருந்தார். தையல் டீச்சர் என்றே எல்லோரும் கூப்பிட்டோம். இந்த வரியை எழுதுவதற்காக அவர் பெயரை யோசிக்கிறேன், வரவில்லை.

அத்தை போனபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என் பொறுப்பு. நல்ல போட்டோ ஒன்றுதான் இருந்தது, கொடைக்கானலில் எடுத்தது. அதில் தையல் டீச்சரும் இருந்தார். அவரை வெட்டச் சொன்னேன். வெட்டியதும் அத்தை தனியாக, கேமராவைப் பார்க்காமல், பக்கவாட்டில் எதையோ பார்த்து முகமெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று பலர் கேட்டார்கள். சாமியை என்று சொல்லிவைத்தேன். கீழே துயருறுவோர் பட்டியலில் இருபத்திரண்டு பேர். எங்கள் பால்காரர்கூட உண்டு. தையல் டீச்சர் போஸ்டரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு குடுப்பா" என்றார். ஒன்றென்ன, இரண்டாகவே கொடுத்தேன். தாராள மனசு எனக்கு.

மனைவியிடம் சொன்னேன். இட்லி மாவைக் கலக்கியபடியே, "இதுக்கு ஃபிரெஞ்சுப் படம் பாக்கணுமாக்கும்?" என்றாள். "கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்கே நான் பாத்தேன். டீச்சர் தட்டுல விழுற கத்திரிக்காயை அத்தை பேச்சை நிறுத்தாமலே எடுத்துத் தன் தட்டுல போட்டுக்குவாங்க."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. எனக்கு எது பிடிக்காதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

நான் துண்டை மடித்து வைக்கப் போனேன்.

டிடிபி சென்டர் பையன் அன்றைக்கே சொன்னான். "சார், அந்தம்மாவை வெட்டிட்டேன். ஆனா அவங்க கை உங்க அத்தை தோள்மேலயே இருக்கு." எடுத்துவிடு என்றேன். "புடவை டிசைன் சேர்க்கணும் சார், நேரமாகும். கையை எடுக்க ஐம்பது ரூபா எக்ஸ்ட்ரா." ஒரு கைதானே தம்பி என்று பேரம் பேசி, முப்பதுக்கு முடித்தேன்.